வியட்நாமுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

ரேஷனில் அமெரிக்காக் கோதுமை போட்ட வருஷம் அது. எங்கள் செஞ்சியில் அதுவரைக்கும் ஒரு வீட்டில் கோதுமை வாங்கினால் அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த வருஷம் ஊரே கோதுமைச் சோறு தின்றது. தின்றுவிட்டு வயிறு பொருமி, ஓரிடத்தில் உட்கார முடியாமல், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றபடி உலக விவகாரம் பேசியது. வியட்நாம் சண்டை எங்கள் ஊருக்குள் வந்தது இந்த வழியாகத்தான் என்பது என் எண்ணம். படித்தவர்கள் வேறு காரணம் சொல்லலாம். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி எனக்குப் பொரிகடலைக் கடை. சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது, பேசாத நேரத்தில் கடலை கேட்கும். ஆகவே அந்த யுத்தத்தால் லாபம் அடைந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மன் மன்னிக்கட்டும்.

பேச்சில் முதல் ஆள் தையற்கடைக்காரர். அவர் கடையில் ரேடியோ இருந்தது. செய்தி முடிந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வருவார். யாருடைய சட்டையோ பாதி தைத்தபடி உள்ளே தொங்கும்.

"பொம்பள, புள்ளைங்கன்னு பாக்காம குண்டு போடறான். நம்ம ஆளுங்க இன்னா பண்றாங்க? நடுநிலைன்றாங்க! பக்கத்து வூடு பத்திக்கினு எரியுது. நீ வாசல்ல நின்னுக்கினு நான் நடுநிலைன்னா ஊரு காறித் துப்பாது?"

அவருக்குப் பதில் சொல்ல ரைஸ் மில் கிளார்க் தயாராக இருப்பார்.

"பக்கத்து வூடா? கப்பல்ல போனா எத்தினி நாளாவும் தெரியுமா? நீ விழுப்புரம் தாண்டிப் போயிருக்கியாய்யா?"

"போனாதான் பேசணும்னா, நீ எப்படி சொர்க்கம் நரகம்லாம் பேசுற?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பார்கள். இன்னும் ஒரு பொட்டலம் கடலை போகும்.

தையற்காரருக்கு ஒத்து ஊதுகிறவர் சைக்கிள் கடைக்காரர். நாமும் சண்டையில் சேர வேண்டும் என்பதில் தையற்காரரைவிட அவருக்கு வேகம் அதிகம். "நம்ம மலை மேல ஒரு பீரங்கி சும்மாதானே கெடக்குது, அத மொதல்ல அனுப்பு" என்பார். எந்த ராஜா காலத்துப் பீரங்கியோ அது. ஆடு மேய்க்கிறவர்கள் அதன்மேல் துண்டு காயப்போடுவார்கள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. படிப்பகத்துச் செயலாளர்தான் இதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நினைத்தார். அவருக்கு எதையும் ஒழுங்குபடுத்த வேண்டும். ஆண்டு விழாவில் ஒரு பட்டிமன்றம்: நடுநிலை நாடு கடல் கடந்த போரில் சேரலாமா, கூடாதா? சேரலாம் என்று தையற்காரரும் சைக்கிள் கடைக்காரரும் பேசுவார்கள். கூடாது என்று கிளார்க்கும் அவருடைய மச்சானும் பேசுவார்கள். தீர்ப்பை செஞ்சிப் பொதுமக்களின் முடிவாக டில்லிக்குத் தந்தி அடிப்பது என்று ஏற்பாடு. தந்தி பாரம் கூட வாங்கி வந்து, 'செஞ்சி மக்கள் ஒருமனதாக' என்பது வரைக்கும் எழுதிவைத்துவிட்டார். மீதி தீர்ப்புக்கு அப்புறம்.

நடுவராக வரவேண்டிய தலைமை ஆசிரியர் தமக்கு அன்றைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் விவரமானவர். செயலாளர் நேராக என் கடைக்கு வந்தார்.

"நீங்கதான் நடுவர்."

"நானா? எனக்கு இன்னாங்க தெரியும்?"

"ஒண்ணும் தெரியாததாலதான் வந்தேன். எந்தக் கட்சியும் கிடையாது. எலக்‌ஷன் வந்தா ரெண்டு பேருக்கும் 'ஒனக்குத்தாம்பா'ன்றீங்க. தெருவுல அடிதடின்னா கடைய சாத்திட்டு உள்ள போயிடறீங்க. உங்களவிட நடுநிலை இந்த ஊர்ல யாரு?"

அது புகழ்ச்சியா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் பெருமையாகவும் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"சாம்பாரா ரசமான்னு கேட்டா, 'எது முடியுதோ அத வை'ன்ற மனுசன். நீங்க யுத்தத்துக்குத் தீர்ப்பு சொல்லப் போறீங்களா?"

"தந்தி போவுது டில்லிக்கு" என்றேன்.

"போவட்டும். அவங்களுக்கும் சிரிக்க எதுனா வாணாமா?"

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது பாய் வீட்டம்மா கடைக்கு வந்தார். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர். புருஷன் தவறிப்போய் வருஷங்கள் ஆகின்றன. இடியாப்பம் பிழிந்து விற்றுத்தான் மகனை ஆளாக்கினார். அந்த ஒரே மகன் காரைக்கால் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக சைகோன் போய், அங்கே துணிக்கடையில் வேலையாக இருந்தான். அவன் கடிதம் வந்தால் படித்துக் காட்டுவதும், அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் நான்தான். அந்த அம்மா என்னை அண்ணே என்பார், நான் தங்கச்சி என்பேன்.

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நின்றார்.

"அண்ணே, சண்டைக்குப் போவலாமா வாணாமான்னு நீங்கதான் சொல்லப் போறீங்களாமே?"

"அது சும்மா பேச்சுக் கச்சேரி, தங்கச்சி."

"சும்மாவா? டில்லிக்குத் தந்தி அடிக்கிறாங்கன்னு சொல்றாங்க?"

அது உண்மைதானே. நான் கடலையைக் கிளறினேன்.

"நம்ம ஆளுங்க போயி ஒரு பக்கம் நின்னா, அடுத்த பக்கத்துக்காரன் எம்புள்ளைய சும்மா உடுவானா? இந்தியாக்காரன்னு புடிச்சி உள்ள போட்டுட மாட்டான்? மூணு மாசமா கடுதாசி வேற இல்லண்ணே."

'டில்லியில் நம்மை எவன் மதிக்கிறான், நீ நிம்மதியாகப் போ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அம்மா தூங்கியிருப்பார். அது என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இரண்டு நாளாக நான் கண்ணாடி முன்னால் நின்று 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டில்லி மதிக்காது என்றால் நடுவருக்கு என்ன மதிப்பு? அந்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"வாணாம்னு சொல்லிடுங்கண்ணே."

"நடுவரு முன்னாடியே சொல்லக் கூடாது தங்கச்சி. ரெண்டு பக்கமும் கேக்கணும்."

"ஒங்க கடையில கடல திருடித் தின்னு ஒதை வாங்கின புள்ளைண்ணே அது" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோதுமைச் சோறு எப்போதுமே இறங்காது, இது வேறு. கண்ணை மூடினால் அந்தப் பிள்ளை கடலைச் சட்டிக்குள் கையை விடுவது தெரிந்தது. கண்ணைத் திறந்தால் தையற்காரர், குண்டு விழுந்த குழந்தைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பொய்யில்லை. யாராவது போய்த் தடுத்தால் நல்லதுதானே? ஆனால் போகிறவன் தடுக்கத்தான் போகிறான் என்பது என்ன நிச்சயம்? என் புத்திக்கு எட்டவில்லை. புத்திக்கு எட்டாத எதற்கும் எங்கள் வீட்டில் ஒரே வழி, அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது. பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, எல்லாம் அப்படித்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்தால் அது அவள் உத்தரவு.

காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு போனேன். பூசாரி இலையில் பூவைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"இன்னா விசயம்? கல்யாணமா?"

"இல்ல. சண்டை."

"பங்காளி சண்டையா?"

"வியட்நாம்."

பூசாரி நூலைக் கட்டுவதை நிறுத்திவிட்டார். "அது எங்க இருக்குது? வல்லம் பக்கமா?"

விளக்கிச் சொன்னேன். அவர் அதிர்ந்துவிடவில்லை. அந்த மனுஷர் எத்தனையோ பார்த்தவர். "செவப்புன்னா சேரலாம், வெள்ளன்னா வாணாம். சரிதானா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, கற்பூரம் காட்டி, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

அம்மன் சண்டைக்குப் போகச் சொல்கிறாள். பாய் வீட்டம்மாவின் முகம் எதிரே வந்து நின்றது.

"எந்தப் பக்கம் சேரணும்னு கேட்டியா?" என்றார் பூசாரி.

"பக்கமா?"

"ஆமாய்யா. சண்டைன்னா ரெண்டு பக்கம் இருக்குமே. எவங்கூட சேர்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாக பஸ் ஸ்டாண்டில் தொண்டை கிழியப் பேசுகிறார்கள். சேரலாம் என்கிறார்கள், கூடாது என்கிறார்கள். எந்தப் பக்கம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பட்டிமன்றத் தலைப்பிலும் இல்லை. தந்தி பாரத்திலும் இல்லை.

"இப்பவே இன்னொரு தபா கட்டிப் பாருங்களேன்" என்றேன்.

"ஒரு விசயத்துக்கு அடுத்தடுத்து ரெண்டு தபா கேட்டா அவளுக்கு ஆவாது. வெள்ளிக்கிழமை வா."

பட்டிமன்றம் புதன்கிழமை.

புதன்கிழமை சாயங்காலம் படிப்பகத்து வாசலில் பெஞ்சு போட்டு, தெருவை அடைத்துக் கூட்டம். எனக்கு நடுவில் நாற்காலி, மேசை, மணி. பெண்கள் பக்கத்தில் கடைசியில், சுவரோரமாக, வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

தையற்காரர் பேசியதைக் கேட்டால் கல்லும் எழுந்து ராணுவத்தில் சேர்ந்திருக்கும். கிளார்க் பேசியதைக் கேட்டால் ராணுவத்தில் இருப்பவனும் வீடு திரும்பியிருப்பான். "வானமே இடிஞ்சி விழுந்தாலும் நாம கைய தூக்கக் கூடாது, அதுதான் நம்ம நாட்டு தர்மம்" என்று அவர் முடித்தபோது பலத்த கைதட்டல். தையற்காரருக்குக் கைதட்டியவர்கள்தான் அவருக்கும் தட்டினார்கள்.

நான் எழுந்தேன். பெரியோர்களே, தாய்மார்களே என்பது மறந்துவிட்டது.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்றேன். "சேரலாம்னு சொன்னீங்களே. எந்தப் பக்கம்?"

"இதென்ன கேள்வி? குண்டு வாங்கறவன் பக்கம்தான்! வடக்க இருக்கிறவன் பக்கம்" என்றார் தையற்காரர்.

"யோவ்!" என்று சைக்கிள் கடைக்காரர் எழுந்துவிட்டார். "அமெரிக்காக்காரன் பக்கம்னு இல்ல நான் நெனச்சேன்? அவன் போடற கோதுமைய தின்னுட்டு அவனையே சுடுவியா நீ?"

"அந்தக் கோதுமைய மாடு கூட திங்காதுய்யா!"

"நீ தின்னல்ல?"

அப்புறம் யார் முதலில் தள்ளினார்கள் என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. சேரலாம் என்று ஒரே அணியாக வந்த இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நான் மணியை அடித்தேன். யாரும் கேட்கவில்லை. அதைவிட அதிசயம், வானமே இடிந்தாலும் கையைத் தூக்கக் கூடாது என்ற கிளார்க், மேசையைத் தாண்டிக் குதித்து தையற்காரரின் முதுகில் ஒன்று வைத்தார். போன தீபாவளிக்கு அவருக்குத் தைத்த சட்டையில் கை நீளம் குறைந்துபோயிற்றாம். மச்சானும் குதித்தார். அவருக்கு யார்மேலும் கோபம் கிடையாது. அவர் அக்காள் புருஷன் போனதால் போனார். நடுநிலை நாடு கடல் கடந்த போரில் எப்படிச் சேருகிறது என்பதை நான் அன்றைக்கு ஐந்தடி தூரத்திலிருந்து பார்த்தேன். புத்தகம் படித்தவர்களுக்கும் இவ்வளவு விளங்கியிருக்காது.

செயலாளர்தான் சமயோசிதமாகத் தேசிய கீதத்தைப் பாட ஆரம்பித்தார். அடித்த கை அப்படியே இறங்கியது. கிழிந்த சட்டையோடு நான்கு பேரும் விறைப்பாக நின்றார்கள். சைக்கிள் கடைக்காரருக்கு மூக்கில் ரத்தம். துடைத்துக்கொள்ளாமல் பாட்டு முடியும்வரை நின்றார். அந்த விஷயத்தில் எங்கள் ஊரை யாரும் குறை சொல்ல முடியாது.

பாட்டு முடிந்ததும் எல்லோரும் கிளம்பினார்கள். கீதம் பாடிவிட்டால் கூட்டம் முடிந்தது என்பது விதி. சுவரோரத்தில் மட்டும் துப்பட்டி நகரவில்லை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை கிழிந்ததும் மூக்கு உடைந்ததும் அவருக்குக் கணக்கில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

என் மடியில் அந்தச் சிவப்புப் பூ வாடிப்போய் இருந்தது. அம்மன் சொல்லை மீறிப் பழக்கமில்லாதவன் நான். ஆனாலும் அப்போது ஒன்று தோன்றியது. டில்லியைப் பற்றி டில்லிக்காரன் வந்து கேட்டால் அவனுக்கு அவள் சொல்லிக்கொள்வாள். அவள் காலடியில் வந்து நின்றவன் பொரிக்கடைக்காரன். பிறந்ததிலிருந்து எந்தப் பக்கமும் நிற்காமல், சண்டை வந்தால் கடையைச் சாத்திக்கொண்டு, அதற்கு நல்ல பேரும் வாங்கிக்கொண்டு திரிகிறவன். அவனைப் பார்த்துத்தான் 'ஒரு பக்கமாகப் போய்ச் சேருடா' என்றாளோ? வெள்ளிக்கிழமை இதைச் சொன்னபோது பூசாரி, "ஒனக்கு ஏத்தாப்போல அர்த்தம் பண்ணிக்கினு வந்து என்னாண்ட சொல்ற" என்றார். இருக்கலாம்.

மேசை மேல் இருந்த மணியை இரண்டு கையாலும் பிடித்து அடித்தேன்.

"சேரக் கூடாது" என்றேன். "எந்தப் பக்கமும் சேரக் கூடாது. இதுதான் தீர்ப்பு."

போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"காரணம்?" என்றார் செயலாளர்.

"எங்க தெருப் புள்ள ஒண்ணு அங்க இருக்குது."

"இதெல்லாம் ஒரு காரணமாங்க? நடுவரு பொதுவா இல்ல பேசணும்? இது ஒரு பக்கமா பேசறது ஆச்சே!"

"ஆமா. ஒரு பக்கமாத்தான் பேசறேன்."

"கீதம் பாடியாச்சு. இனிமே எது சொன்னாலும் செல்லாது" என்று சொல்லி, அவர் தந்தி பாரத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தையற்காரர், சைக்கிள் கடைக்காரர், கிளார்க், மச்சான் நான்கு பேரும் அப்போதுதான் முதல்முறையாக ஒருமனதாக இருந்தார்கள். நடுவர் நடுநிலை தவறிவிட்டார் என்பதில். மறு வாரம் வரைக்கும் என் கடையில் யாரும் கடலை வாங்கவில்லை.

அந்த அம்மாவுக்கு விதியும் தெரியாது, செல்லாததும் தெரியாது. துப்பட்டிக்குள்ளேயே இரண்டு கையையும் ஏந்தி என்னமோ முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். என் மனைவி அன்று ஒன்றும் கேலி பேசவில்லை. கேட்காமலே ரசம் வைத்திருந்தாள்.

பிறகு ஒருநாள் சைகோனிலிருந்து கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால், எங்கள் பட்டிமன்றத்துக்கு முன்பே எழுதியது. வழியில் எங்கேயோ கிடந்து வந்திருக்கிறது. அதைச் சொன்னேன். அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொன்னதாலதாண்ணே வந்துச்சு" என்றார்.

உடம்பு சுகம், கடை நடக்கிறது, ராத்திரி சத்தம் பழகிவிட்டது என்று எழுதியிருந்தான். கடைசியில் ஒரு வரி. 'நம் நாடும் சண்டைக்கு வரப்போகிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். முதலாளி தினமும் என்னைக் கேட்கிறார். கடையில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் பயமாக இருக்கிறது. ஊரில் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டு எழுதவும்.'

"வேற யாரக் கேக்கறது? தீர்ப்பு சொன்ன ஆளு நீங்கதானே. எழுதுங்கண்ணே, வராதுன்னு."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதை நம்பி எழுதுவது? நாளைக்கே வேறு மாதிரி ஆனால்?

"பெரிய எழுத்துல எழுதுங்க. அவன் கடை வாசல்ல ஒட்டிக்கட்டும். இந்தியா வராதுன்னு பாத்தா யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"தங்கச்சி, அங்க இருக்கிறவங்களுக்குத் தமிழு தெரியாதேம்மா."

அவர் இதை யோசித்திருக்கவில்லை. நானும் யோசித்திருக்கவில்லை. அவன் ஊர் வந்து சேர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது, அது அப்போது எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேரும் அந்த வெற்றுத் தாளைப் பார்த்தோம். பஸ் ஒன்று வந்து ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

"அவனுக்குத் தெரியுமில்ல" என்றார் அந்த அம்மா. "அவன் படிச்சா போதும்ணே. எழுதுங்க."

தாளை அகலவாட்டில் திருப்பிப் போட்டு, முடிந்த அளவு பெரிதாக எழுத ஆரம்பித்தேன்.